கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. ஏன் மளிகைக் கடை வைத்தார்? சன்னதை இழந்த ஒரு வக்கீலின் கதை

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் பாடப் புத்தகம் சொல்லித்தரும் பட்டங்கள் இவை. ஆனால் சிறையில் இருந்து வெளியே வந்த பிறகும் அவர் கிட்டத்தட்ட 24 வருஷம் வாழ்ந்தார். அந்தக் காலம் முழுக்க அவர் நடத்தியது இன்னொரு போராட்டம். வீட்டுச் செலவுக்கு அடுத்த மாதம் என்ன செய்வது என்பதுதான் அது.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். வசதிக்குக் குறைவில்லை. தாலுகா ஆபீஸில் கொஞ்ச நாள் குமாஸ்தா வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு திருச்சிக்குப் போய் சட்டம் படித்து, 1895-ல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். கேஸ்கள் வந்தன, பெயர் வந்தது, பணமும் வந்தது. இன்றைய கணக்கில் செட்டில் ஆன ஆள்.

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல் வழி மொத்தமும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில். முத்துக்குளித்துறை என்று பேரெடுத்த கரையில் சரக்கும் நம்மாட்களுடையது, ஏறிப்போகிற ஆளும் நம்மாள். கட்டணம் மட்டும் வெள்ளைக்காரனுக்கு. அந்த இடத்தில்தான் வ.உ.சி. கை வைத்தார்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். மீதிப் பணத்துக்கு ஊர் ஊராகப் போய் பங்கு விற்க வேண்டியிருந்தது. முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல். கொடுத்தவர்கள் மீது நெருக்கடி வந்ததும் அதுவும் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் நடக்காது என்று வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பியபோது வீட்டில் மனைவி கர்ப்பிணி, மகனுக்கு உடம்பு சரியில்லை. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

எதிர்க் கம்பெனி செய்ததை இன்று ஆப் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைத்தார்கள். அப்புறம் இன்னும் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். கையில் பணம் கொட்டிக் கிடக்கிறவன் நஷ்டத்தைத் தாங்குவான், புதிதாக வந்தவன் தாங்க மாட்டான் என்பதுதான் கணக்கு.

இதற்கு நடுவில் 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஹார்வி கம்பெனியின் நூல் ஆலை அது. அடிமாட்டுச் சம்பளம், நீண்ட வேலை நேரம், வார லீவு கிடையாது. சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து வ.உ.சி. தலைமை ஏற்றார். மேடைப் பேச்சை விட அவர் செய்த முக்கியமான காரியம், தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணியது. வேலைக்குப் போகாத நாளில் அரிசி எங்கிருந்து வரும்? ஊரில் பணம் திரட்டினார், சிலருக்குத் தற்காலிக வேலை பிடித்துக் கொடுத்தார். அரிசிப் பானை காலியானால் ஸ்டிரைக் முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு லீவும் கிடைத்தன.

அடுத்த சில நாட்களில், மார்ச் 12-ல், வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை இரட்டை ஆயுள். மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறை, கண்ணனூர்ச் சிறை, செக்கு. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போய்ச் சேர்ந்தது, எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ அதே கம்பெனியிடம்.

சன்னது போனது, வருமானமும் போனது

1912 டிசம்பரில் வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டமில்லை. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது ரத்தாகியிருந்தது. தெரிந்த தொழில் ஒன்று, அதைச் செய்ய அனுமதி இல்லை. பெயரும் கட்சிக்காரர்களும் இருந்த சொந்த மாவட்டத்துக்கும் போக முடியாத நிலை. குடும்பத்தோடு சென்னையில் தங்கினார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். இரண்டுமே ஓடவில்லை. 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை நடத்தியவருக்கு ஒரு பெட்டிக் கடையின் லாபம் கைகூடவில்லை.

1915-ல் நடந்த ஒரு விஷயம் அவர் நிலைமையைச் சொல்லிவிடும். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்காக ஒரு தொகை திரட்டியிருந்தார்கள். அது காந்தி மூலம் வர வேண்டும். அந்த ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது பேச்சு தொடங்கியது. பணம் கைக்கு வர பல மாதங்களும் பல கடிதங்களும் ஆயின. தனக்குப் பணத் தேவை இருப்பதை வ.உ.சி. மறைக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டார். கடைசியில் 1916 தொடக்கத்தில் வந்தது 347 ரூபாய் 12 அணா. காந்தி அந்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லை என்று சமூக ஊடகத்தில் சுற்றுகிற கதை தவறு. இருவரின் கடிதங்களையும் ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி புத்தகமாகவே பதிப்பித்திருக்கிறார்.

இதே ஆள்தான் சிறைக் காலத்தில் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கியவர். பிறகு ‘அகமே புறம்’ முதலான ஆலன் நூல்களையும் தமிழில் தந்தார். இன்று மோட்டிவேஷன் அலமாரியில் விற்கிற ரகம். எண்ணம் சரியாக இருந்தால் வாழ்க்கை சரியாகும் என்பது ஆலன் கட்சி. மொழிபெயர்த்தவரின் கடைக் கணக்கு வேறு மாதிரி இருந்தது என்பதையும் சேர்த்தே அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்.

அடுத்து கோவை. அங்கே ஒரு வங்கியில் மேனேஜர் வேலை. மாதச் சம்பளம் வந்தும் போதவில்லை. சன்னதைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வக்கீல்களை கோர்ட்டை விட்டு வெளியே வரச் சொன்னது. வெளியே நிற்க வைக்கப்பட்ட ஒருவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அவர் காந்தியோடு முரண்பட்டு காங்கிரஸை விட்டு விலகியதும் அந்த வருஷம்தான். கொள்கைக் காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் பணக் கஷ்டத்தை ஒதுக்கிவைத்து அந்த முடிவைப் பார்க்க முடியாது.

கடைசியில் நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரக் கப்பலை எதிர்த்தவர் வெள்ளைக்கார நீதிபதி பெயரைப் பிள்ளைக்கு வைத்தார் என்றால், அந்த ஒரு காகிதம் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று புரியும்.

ஐம்பது வயதுக்கு மேல் கோயில்பட்டியில் மறுபடி முதல் கேஸிலிருந்து தொடங்கினார். பழைய வருமானம் திரும்பவில்லை. 1932-ல் தூத்துக்குடிக்கே வந்தார். தொல்காப்பியப் பதிப்பு, திருக்குறள் உரை என்று தமிழ் வேலை மட்டும் நிற்காமல் நடந்தது. 1935-ல் அறத்துப்பால் உரை வெளிவந்தது.

1936 நவம்பர் 18-ல் இறந்தார். கடைசி நேரத்தில் தன்னைத் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார், உயிர் பிரிந்ததும் அங்கேதான். அதற்கு முன் எழுதிய உயிலில் ஜவுளிக் கடை பாக்கி, எண்ணெய்க் கடை பாக்கி, சில்லறைக் கடன் என்று கொடுக்க வேண்டியதை எல்லாம் பட்டியல் போட்டிருந்தார்.