அறிஞர் அண்ணாவும் நம் திருச்சிராப்பள்ளியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே திருவரங்கமும், தென்கரையில் மலைக்கோட்டையும் விளங்கும் நம் நகர், கோயிற் சிறப்பேயன்றி அரசியற் சிறப்பும் உடையது. 1938-ஆம் ஆண்டில் கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை சென்னைக்கு நடந்து சென்றது இங்கிருந்தேயாம். அவ்வெதிர்ப்பிற் சிறை புகுந்த இளைஞருள் ஒருவர் காஞ்சிபுரத்து அண்ணாதுரையார். அவர்தம் அரசியல் வாழ்விற்கும் நம் நகருக்கும் உள்ள தொடர்பை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

1909 செப்டம்பர் 15-இல் பிறந்த அவர், பச்சையப்பன் கல்லூரியிற் கற்று எம். ஏ. பட்டம் பெற்றார். பெரியாரிடம் தொண்டாற்றிப் பின்னர்க் கருத்து வேற்றுமையாற் பிரிந்து, 1949 செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவினார். திராவிட நாடு தனி நாடாதல் வேண்டுமென்பதே அந்நாளில் அவர் கோரிக்கை.

அக்கோரிக்கையுடையார் தேர்தலில் நிற்கலாமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தலைவர் தாமே முடிவு செய்யவில்லை. 1956 மே மாதத்தில் திருச்சியிற் கூடிய கழக மாநாட்டில், வந்திருந்தோரையே வாக்களிக்கச் செய்தார். ஐம்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் நிற்கலாமென்றனர். அடுத்த ஆண்டிற் கழகத்தார் பதினைவர் சட்டமன்றம் புகுந்தனர்.

1962-இல் மாநிலங்களவையில் தன்னுரிமை வேண்டிப் பேசிய அவர், அவ்வாண்டு சீனப் போர் மூண்டதும் கிளர்ச்சியை நிறுத்தினார். 1963-இல் அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் வந்தது. இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி கூறாதார் தேர்தலில் நிற்றல் இயலாதாயிற்று. கழகம் பிரிவினையைக் கைவிட்டது. தொண்டர் பலர் நெஞ்சம் நொந்திருப்பர். எனினும், பிரிவினை கேட்டதற்குரிய காரணங்கள் நீங்கவில்லையெனக் கூறி, அவற்றிற்குக் கூட்டாட்சிக்குள்ளேயே தீர்வு நாடினார்.

அவற்றுள் மொழிச் சிக்கல் உயிரையும் கொண்டது. 1964 சனவரி 25-இல் நம் நகரின் புகைவண்டி நிலையத்தெதிரே கீழப்பழுவூர்ச் சின்னசாமி தீக்குளித்து மாண்டார். மறு ஆண்டு மாணவர் கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று.

1967-இற் கழகம் வென்றது. தேர்தலிற் காங்கிரசுக்குத் துணைநின்ற பெரியாரைக் காண, முதலமைச்சராய்ப் பதவியேற்குமுன் அண்ணா திருச்சிக்கே வந்தார். பகை மறந்த அவ்வருகை அவர் பண்பைக் காட்டும். 1968-இல் இருமொழிக் கொள்கை வந்தது. 1969 சனவரி 14-இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது; பிப்ரவரி 3-இல் அவர் மறைந்தார்.

பனி சூழ்ந்த யாக்கூத்தியாவின் வரலாறும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. 1986-இல் ஆங்கும் மாணவர் கிளர்ந்தனர். 1990 செப்டம்பர் 27-இல் அந்நாடு இறையாண்மை சாற்றிற்று. ஆயினும் உருசியக் கூட்டாட்சியை நீங்காது, தன் மக்களுக்குரிய சகா என்னும் பெயரைத் தன் பெயராக ஏற்றது.

கோரியது முழுதும் கிட்டாதபோது எதனை விடுவது, எதனை விடாது பற்றுவது என்று தெளிதலே தலைமை. அண்ணா தனி நாட்டை விட்டார். மொழியையும் பெயரையும் விட்டிலர். அது தோல்வியன்று என்பதே நம் துணிபு.