போரிலிருந்து குடியோடு திரும்பியவர்: பில் வில்சனின் வாழ்க்கை

குடிநோய்க்குச் சிகிச்சை தரும் நிலையங்கள் பலவற்றில் இரண்டு வகையான பணியாளர்களைக் காணலாம். ஒருவர் படித்துப் பயிற்சி பெற்று வந்த உளவளத்துணையாளர், வைத்தியர் அல்லது தாதி. மற்றவர் ஒரு காலத்தில் தானே குடித்து அழிந்து, மீண்டு வந்து, இன்று நோயாளிக்கு முன்னால் உதவி செய்பவராக அமர்ந்திருப்பவர். இந்த இரண்டாமவருக்கு அங்கே இடம் கிடைத்த வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன். உலகம் அவரை பில் டபிள்யூ. என்று அறியும். அவர் வைத்தியர் அல்ல, மதகுருவும் அல்ல. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய ஓர் அமெரிக்க இராணுவ அதிகாரி.

இழப்புகளோடு வளர்ந்த பிள்ளை

1895 நவம்பர் 26 ஆம் திகதி, வெர்மொன்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டோர்செட் என்ற சிற்றூரில், குடும்பத்தினர் நடத்திய விடுதியின் மதுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பில் பிறந்தார். அவருக்குப் பத்து வயதளவில் பெற்றோர் பிரிந்தனர். தந்தை வேலை தேடி மேற்கே போனார். தாய் மருத்துவம் படிக்க பொஸ்டன் சென்றார். பில்லும் தங்கையும் தாயின் பெற்றோரிடம் வளர்ந்தார்கள்.

பதினேழு வயதை எட்டும் காலத்தில் இன்னோர் அடி விழுந்தது. அவர் நேசித்த பெண் பேர்த்தா, 1912 இல் சத்திர சிகிச்சை ஒன்றின் பின் இறந்துபோனார். பில் படிப்பில் நாட்டம் இழந்தார், ஆட்களிடமிருந்து ஒதுங்கினார். வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுவிட்டு வந்து பிடித்த மனச்சோர்வின் முதல் வரவுகளில் அது ஒன்று. குடி அப்போது அவர் வாழ்க்கையில் இல்லை. துயரம் ஏற்கெனவே இருந்தது.

முகாமில் தொடங்கிய பழக்கம்

1917 இல் அமெரிக்கா போரில் இறங்கியது. 21 வயதில் பீரங்கிப் படை அதிகாரியாக நியூ பெட்ஃபோர்ட் பகுதி முகாமில் பில் நிறுத்தப்பட்டார. ஊர்ப் பெரியவர்கள் அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார்கள். கூச்ச சுபாவம் கொண்ட பில், அங்கே வாழ்வில் முதல் தடவையாகக் குடித்தார். தனக்கும் பிற மனிதருக்கும் இடையில் இருந்த சுவர் விழுந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அந்த உணர்வைத் தேடித்தான் அடுத்த பதினேழு வருடங்களும் குடித்தார்.

1918 ஜனவரி 24 இல் லோயிஸ் பேர்ண்ஹாமைத் திருமணம் செய்தார். சில மாதங்களில் கப்பலேறி இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போனார். பெரிய சண்டைகளைக் காணாமலே 1919 இல் ஊர் திரும்பினார். உடலில் காயம் இல்லை. குடிப்பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

1920 களில் நியூயோர்க் பங்குச் சந்தை கொழித்தது. பில் புத்திசாலி. லோயிசோடு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, கம்பனிகளின் உண்மை நிலையை நேரில் பார்த்து முதலீட்டாளர்களுக்கு அறிக்கை கொடுத்தார். பணம் வந்தது, குடியும் கூடியது. 1929 இல் சந்தை சரிந்தபோது எல்லாம் போயிற்று. லோயிசின் பெற்றோர் வீட்டில் ஒதுங்கினார்கள். லோயிஸ் கடையொன்றில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். பில் அவருக்கு எழுதிக்கொடுத்த சத்தியங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன.

நோய் என்று சொன்ன வைத்தியர்

1933 க்கும 1934 க்கும் இடையில் நியூயோர்க்கின் டவுன்ஸ் வைத்தியசாலையில் பில் நான்கு தடவைகள் அனுமதிக்கப்பட்டார். அங்கிருந்த வைத்தியர் வில்லியம் சில்க்வேர்த், குடியை ஒழுக்கக்கேடாக நோக்காமல் நோயாக விளக்கினார். ஒரு மிடறு உள்ளே போனால் நிறுத்த முடியாத உடல், குடிக்காதபோதும் அதையே சுற்றிவரும் மனம் என்பது அவர் கருத்து. அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது 1956 இல்தான்.

1934 நவம்பரில் பழைய நண்பர் எபி தாச்சர் பில்லைத் தேடி வந்தார். பில்லைப் போலவே குடித்தவர், இப்போது தொடுவதில்லை என்றார். மதக் குழுவொன்றின் துணையோடு மீண்டதாகச் சொன்னார். பில்லை உலுக்கியது அந்த மதம் அல்ல, தன்னைப் போன்ற ஒருவன் தெளிந்த கண்களோடு எதிரில் இருந்ததுதான். டிசெம்பர் 11 இல் பில் நான்காவது தடவையாக வைத்தியசாலைக்குப் போனார். அங்கே, மருந்துகளின் பிடியில் இருந்தபோது, அறை முழுக்க ஒளி நிறைந்தது போன்ற ஓர் அனுபவம் ஏற்பட்டதாகப் பின்னர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை.

அடுத்த ஆறு மாதங்கள் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசினார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் பில் குடிக்காமல் இருந்தார். அதைச் சுட்டிக்காட்டியவர் லோயிஸ். பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முதலில் நோயைப் பற்றிப் பேசும்படி ஆலோசனை சொன்னவர் சில்க்வேர்த்.

அக்ரோனில் ஒரு சந்திப்பு

1935 மே மாதம் தொழில் முயற்சியொன்றுக்காக ஒஹையோவின் அக்ரோன் நகருக்குப் போனார். முயற்சி தோற்றது. கையில் காசில்லை. விடுதிக் கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. மதுக்கூடத்துக்குள் போகாமலிருக்க இன்னொரு குடிகாரனோடு பேசியாக வேண்டும் என்று அவருக்கு விளங்கியது. தேவாலயப் பட்டியலைப் பார்த்து அழைத்தார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, மே 12 மாலை சத்திர சிகிச்சை நிபுணர் ரொபேர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். டொக்டர் பொப் என்று பின்னர் அறியப்பட்ட அவர், குடியால் தொழிலையும் மானத்தையும் இழந்துகொண்டிருந்தவர். பதினைந்து நிமிடங்கள் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு பதினொரு மணிக்கு மேலும் பேசிக்கொண்டிருந்தார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார்.

பொப் அதன் பிறகும் ஒருமுறை வழுக்கி விழுந்தார். ஜூன் 10 காலை சத்திர சிகிச்சை செய்ய வேண்டும், கைகள் நடுங்கின. நடுக்கத்தைத் தணிக்க பில்லே ஒரு போத்தல் பியர் கொடுத்தார். பொப் குடித்த கடைசி மது அதுதான். கடுமையாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். அந்த நாட்களைக் கடக்க இன்று வைத்தியர்கள் மருந்து கொடுக்கிறார்கள். வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயலும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அல்கொஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பு அந்த ஜூன் 10 ஐத் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1950 இல் இறக்கும் வரை டொக்டர் பொப் ஐயாயிரத்துக்கும் அதிகமான குடிநோயாளருக்குக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை அளித்தார்.

வேண்டாம் என்று விட்ட வேலை

1937 அளவில் டவுன்ஸ் வைத்தியசாலையின் உரிமையாளர் பில்லை அழைத்தார். வைத்தியசாலையிலேயே அலுவலகம் தருவதாகவும், குடிநோயாளருக்குத் துணை செய்யும் பணியாளராகச் சம்பளமும் இலாபத்தில் பங்கும் தருவதாகவும் சொன்னார். பில்லுக்கு அப்போது நிரந்தர வருமானம் இல்லை. லோயிஸ் இன்னும் கடையில் நின்று உழைத்தார். ஆசையோடு வீடு திரும்பிய பில், அன்றிரவு கூடிய குழுவிடம் செய்தியைச் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் மறுத்தார்கள். ஒருவர் கூலி வாங்கத் தொடங்கினால், மற்றவர்கள் இலவசமாகச் செய்யும் அதே உதவியின் பொருள் மாறிவிடும் என்று அஞ்சினார்கள். பில் அந்த வேலையை விட்டார்.

அதற்கு விலை இருந்தது. 1939 இல் அவர்கள் இருந்த வீடும் கடனில் போயிற்று. இரண்டு வருடங்கள் கணவனும் மனைவியும் நண்பர்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள். அதே 1939 இல், பன்னிரண்டு படிகளை விளக்கி பில் பெரும்பகுதி எழுதிய நூல் வெளியானது. 1941 மார்ச்சில் சட்டர்டே ஈவினிங் போஸ்ட் சஞ்சிகை அமைப்பைப் பற்றி எழுதியது. சுமார் 2,000 பேராக இருந்த உறுப்பினர் தொகை அந்த வருட முடிவில் 8,000 ஆனது.

அப்படியானால் இந்த உதவி தொழிலாக மாறவே கூடாதா? வரலாறு வேறு வழியில் போனது. ஏற்கெனவே 1910 களில் பொஸ்டனில் கோர்ட்னி பெய்லர் என்ற மீண்ட குடிநோயாளி சம்பளத்துக்கு இப்பணியைச் செய்திருந்தார். 1950 களில் மினசோட்டாவின் வில்மர் அரச வைத்தியசாலை, மீண்டவர்களை வைத்தியர், தாதி, உளவியலாளரோடு ஒரே குழுவில் பணியாளராகச் சேர்த்தது. இன்று பல நாடுகளில் இருக்கும் போதைச் சிகிச்சை ஆலோசகர் தொழில் பெருமளவுக்கு அங்கிருந்து வளர்ந்தது. பட்ட அனுபவம் கதவைத் திறக்கும், ஆனால் அது மட்டும் போதாது என்பதைத் தொழில் கற்றுக்கொண்டது. பயிற்சி, இரகசியம் காத்தல், மூத்தவரின் மேற்பார்வை எல்லாம் வேண்டும். பில்லின் குழு ஒன்றைத் தெளிவாகப் பிரித்து வைத்தது: ஏ.ஏ. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்கு விலை இல்லை, அதற்கு வெளியே தொழிலாகச் செய்பவருக்குத் தடை இல்லை.

முழுதாக ஆறாத மனிதர்

பில்லைப் புனிதராக்குவது எளிது, உண்மை அப்படி இல்லை. குடியை விட்டபின் 1940 களின் நடுவிலிருந்து பல வருடங்கள் கடும் மனச்சோர்வில் கிடந்தார். அதற்காக உளவியல் சிகிச்சையும் பெற்றார். புகைத்தலை விட முடியாமல் நுரையீரல் கெட்டது. கடைசி நாட்களில் நோய்ப்படுக்கையில் விஸ்கி கேட்டதாகத் தாதியரின் குறிப்புகளிலிருந்து பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் பதிவு செய்தார். அவருக்குக் கொடுக்கப்படவில்லை. முப்பத்தாறு வருடங்களின் பின்னும் அந்த ஏக்கம் சாகவில்லை. அவரைக் காப்பாற்ற வந்த எபி தாச்சரோ பலமுறை மீண்டும் குடிக்கு விழுந்தார். பில் அவரைக் கைவிடவில்லை. தன் வழிகாட்டி என்றே இறுதிவரை சொன்னார்.

லோயிசின் பங்கு தனி. குடிப்பவர் திருந்தினாலும் குடும்பத்தின் காயம் தானாக ஆறாது என்பதைத் தன்னிலேயே கண்ட அவர், 1951 இல் குடிநோயாளரின் குடும்பத்தினருக்காக அல்-அனோன் அமைப்பைத் தோழி ஒருவரோடு சேர்ந்து உருவாக்கினார்.

ஏ.ஏ. குழுக்கள் இலங்கையிலும் கூடுகின்றன. போர் முடிந்தபின் எங்கள் ஊர்களில் குடியோடு போராடும் ஆண்களையும், அதைப் பொத்தி மறைத்து வீட்டைத் தாங்கும் பெண்களையும் நாம் அறிவோம். குடிகாரன் என்ற சொல் இங்கே இன்னும் வசைச்சொல்தான். மீண்டுவந்த ஒருவர் உளவளத்துணைப் பயிற்சிக்குப் போக விரும்பினால், அவருடைய பழைய நாட்களைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பில்லின் வாழ்க்கை அவர்களுக்கான பதில். அந்தப் பழைய நாட்களைச் சொல்லித்தான் அவர் அக்ரோனில் ஒரு வைத்தியரை மீட்டார்.

1971 ஜனவரி 24 ஆம் திகதி, திருமணம் நடந்து 53 வருடங்கள் நிறைந்த அதே நாளில், மியாமியில் பில் வில்சன் காலமானார். யேல் பல்கலைக்கழகம் கொடுக்க வந்த கௌரவப் பட்டத்தை முன்பே மறுத்திருந்தார். ஈஸ்ட் டோர்செட்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் ஏ.ஏ. பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் மீண்டவர்கள் தேடிப் போகிறார்கள். குடிக்காமல் கடந்த வருடங்களுக்காகத் தங்களுக்குக் கிடைத்த பதக்கங்களை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிறார்கள்.