கத்தரிக்கோல் பிடித்த கதாசிரியர்

அழகற்ற வாத்துக்குஞ்சு, தீக்குச்சி விற்ற சிறுமி, குட்டிக் கடற்கன்னி ஆகிய கதைகளைச் சிறுவயதில் கேட்டு மகிழாதவர் அரிது. இவற்றைப் படைத்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். எழுதுகோலால் உலகப் புகழ் பெற்ற அவர், கத்தரிக்கோலையும் பசையையும் கொண்டு வேறொரு கலையையும் வளர்த்தார் என்பதைப் பலர் அறியார்.

ஆண்டர்சன் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஓடென்சே நகரில் பிறந்தார். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. தாயார் பிறருடைய துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். வறுமையில் வாடிய குடும்பமானாலும், தந்தை தம் மகனுக்குக் கதைகளைப் படித்துக் காட்டினார். சிறிய பொம்மை அரங்கு ஒன்றையும் செய்து கொடுத்தார். ஆண்டர்சன் துண்டுத் துணிகளை வெட்டிப் பொம்மைகளுக்கு உடை தைத்து விளையாடினார். விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா?

1816ஆம் ஆண்டு தந்தை இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 14 வயது ஆண்டர்சன் நடிகராகும் கனவோடு தலைநகரான கோபன்ஹேகனுக்குத் தனியாகப் புறப்பட்டார். பாடினார், ஆடினார், ஆயினும், மேடையில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. அரச நாடக அரங்கின் இயக்குநர்களுள் ஒருவரான யோனாஸ் கொலின் அவருடைய திறமையை உணர்ந்து, அரசரின் உதவித்தொகையில் அவரைப் படிக்க வைத்தார். தம்மைவிட வயதில் மிகவும் இளைய மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர நேர்ந்தபோதும், ஆண்டர்சன் படிப்பைக் கைவிடவில்லை. 1835இல் அவருடைய முதல் சிறுவர் கதைத் தொகுப்பு வெளிவந்தது. காலப்போக்கில் அவருடைய புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது.

புகழ் வந்தது, ஆனால், சொந்தக் குடும்பம் அமையவில்லை. ஆண்டர்சன் இறுதிவரை மணம் புரியாமல், பெரும்பாலும் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் நண்பர்களின் இல்லங்களிலும் வாழ்ந்தார். அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளே அவருடைய தனிமையைப் போக்கினர். அவர்கள் சூழ்ந்து அமர்ந்ததும், ஆண்டர்சன் ஒரு தாளை மடித்து, கதை சொல்லிக்கொண்டே வெட்டத் தொடங்குவார். என்ன உருவம் வரப்போகிறது என்பது எவருக்கும் தெரியாது. கதை முடியும் வேளையில் தாளை விரிப்பார். அன்னங்கள், நடன மங்கையர், அரண்மனைகள் எனப் புதிய உலகமே பிள்ளைகளின் கண்முன் தோன்றும்.

அதோடு அவர் நிற்கவில்லை. நாளிதழ்களிலும் அச்சுப் படத் தாள்களிலும் வந்த படங்களை வெட்டி, ஏடுகளில் ஒட்டிப் படப்புத்தகங்களை உருவாக்கினார். சில பக்கங்களில் தாம் வெட்டிய காகித உருவங்களையும் சேர்த்தார். இவ்வாறு பல படங்களை வெட்டி ஒட்டிப் புதிய படைப்பாக்கும் முறையை இன்று ஒட்டுச் சித்திரம் அல்லது கோலாஜ் என்கிறோம். செய்தியோடு வெளிவந்த ஒரு படம், அதைவிட்டுப் பிரிந்து மற்றொரு படத்தின் அருகில் அமரும்போது புதிய பொருளைப் பெறுகிறது. அங்கே ஒரு கதை பிறக்கிறது. 1859இல் ஆண்டர்சனும் கொலினின் மருமகன் அடோல்ஃப் ட்ரூசனும் இணைந்து இத்தகைய ஒரு புத்தகத்தைத் தயாரித்தனர். அது ட்ரூசனின் பேத்தியான சிறுமி கிறிஸ்டினுக்காகவே உருவான பரிசு. கடையில் விற்பதற்காக அன்று; ஒரு குழந்தையின் மகிழ்ச்சிக்காகவே இரண்டு பெரியவர்கள் பொறுமையாக வெட்டினர், ஒட்டினர்.

முதுமையில் ஆண்டர்சன் நோய்வாய்ப்பட்டார். பயணங்களில் பெருவிருப்பம் கொண்ட அவர், அறைக்குள்ளேயே முடங்க நேர்ந்தது. அப்போதும் கத்தரிக்கோல் அவருக்குத் துணை நின்றது. 1873, 1874ஆம் ஆண்டுகளில், எட்டு மடிப்புகளைக் கொண்ட பெரிய தடுப்புத் திரை ஒன்றில் எண்ணற்ற படங்களை நெருக்கமாக ஒட்டினார். தம் குழந்தைப் பருவம், தாம் நேசித்த நாடக அரங்கு, தாய்நாடு, தாம் சுற்றிவந்த நாடுகள் ஆகியவற்றை அதில் காட்சிகளாக அமைத்தார். கால்கள் செல்ல இயலாத இடங்களுக்கு அவருடைய கைகள் சென்று வந்தன. சிதறிய காகிதத் துண்டுகளால் தம் வாழ்க்கையையே அவர் ஒரு சித்திரமாகத் தொகுத்துவிட்டார் எனலாம்.

1875ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ஆண்டர்சன் மறைந்தார். எளிதில் கிழிந்துவிடக்கூடிய அவருடைய காகிதப் படைப்புகளோ இன்றும் நிலைத்திருக்கின்றன. அவற்றைப் பெற்ற குடும்பங்கள் பொன்போல் போற்றிக் காத்ததே அதற்குக் காரணம். அவற்றுள் பலவற்றை ஓடென்சே அருங்காட்சியகத்தில் காணலாம். அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 2ஆம் நாள், அனைத்துலகச் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நாம் வேண்டாம் என்று எறியும் பழைய தாளிலும் ஒரு கதை மறைந்திருக்கலாம். அதைக் கண்டெடுக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அன்பும் பொறுமையும் கற்பனையும் இருந்தால் போதும்.