மத்தேயோ ரிச்சி: சீனம் தந்த நிலம்

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரைத் தமிழுலகு நன்கறியும். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, அதே இத்தாலியில் பிறந்து, அதே இயேசு சபையில் சேர்ந்து, சீனத்தைத் தம் மொழியாகவும் மனையாகவும் கொண்டவர் மத்தேயோ ரிச்சி.

1552இல் மசெராட்டா நகரில் பிறந்த ரிச்சியைத் தந்தையார் சட்டம் பயில உரோமைக்கு அனுப்பினார். அவரோ 1571இல் துறவு மேற்கொண்டு, கிளாவியுஸ் என்னும் அறிஞரிடம் கணிதம் கற்றார். 1578இல் கோவா வந்து, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். 1582இல் மக்காவோ சேர்ந்து சீன எழுத்துகளைக் கற்கத் தொடங்கியவர், பின்னர் தாயகம் திரும்பவே இல்லை.

சீனத்தில் அவருக்கு வீடு எளிதில் வாய்க்கவில்லை. ஜாவ்சிங் நகரில் அமைத்த இல்லத்தினின்று 1589இல் வெளியேற்றப்பட்டார். ஷாவ்சோவில் 1592இல் இரவில் வீடு தாக்கப்பட, சாளரத்தின் வழியே குதித்ததில் கால் ஊறுபட்டது. பௌத்தத் துறவியரைப் போல் தலைமழித்து வாழ்ந்த அவர், அந்நாட்டில் கற்றோருக்கே மதிப்புண்டு என்பதைக் கண்டார். கன்பூசியத்தின் நான்கு நூல்களையும் கற்று இலத்தீனில் பெயர்த்தார். 1595இல் புலவர்க்குரிய பட்டாடை புனைந்தார். அவ்வாண்டில் நட்பைப் பற்றி அவர் சீனமொழியில் எழுதிய சிறுநூல், மூடிக் கிடந்த பல கதவுகளைத் திறந்தது.

1601இல் பீகிங் அடைந்தார். அவர் அளித்த கடிகாரங்களைப் பேரரசர் வான்லி விரும்பினார். அரண்மனையில் இசைப்பதற்காக அவர் அளித்த நரம்பிசைக் கருவிக்கு எட்டுப் பாடல்களையும் அவரே சீனமொழியில் யாத்தார். எனினும் பேரரசர் அவரை நேரில் காணவே இல்லை. வெற்று அரியணையின் முன்னரே அவர் வணங்கி நின்றார். உண்மையான வரவேற்பு அறிஞர்களிடமே கிடைத்தது. லீ ஜிசாவின் துணையுடன் 1602இல் பெரும் உலகப்படம் வெளிவந்தது. சூ குவாங்ச்சியுடன் அமர்ந்து யூக்ளிடின் முதல் ஆறு பகுதிகளைப் பெயர்த்து 1607இல் வெளியிட்டார். வடிவியலைக் குறிக்க அந்நூல் வழங்கிய ‘ஜிஹே’ என்னும் சொல்லையே சீன மாணவர் இன்றும் பயில்கின்றனர்.

1610 மே 11ஆம் நாள் ரிச்சி மறைந்தார். அயல்நாட்டுத் துறவியரை மக்காவோவில் அடக்கம் செய்வதே வழக்கம். உடனிருந்தோர் விண்ணப்பிக்க, உயிரோடிருந்தபோது முகம் காட்டாத பேரரசர், தலைநகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே கல்லறைக்கு நிலம் வழங்கினார்.

முன்னோர் வழிபாடு குடும்பக் கடமையே என ஏற்ற அவரது நெறியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் உரோமை விலக்கியது. 1939இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. 1900ஆம் ஆண்டுக் கலவரத்தில் சிதைந்தும், பண்பாட்டுப் புரட்சியில் மண்ணுள் மறைந்தும், அவரது கல்லறைக்கல் மீண்டும் நிலைபெற்றது. ‘லீ மாதௌ’ என்னும் சீனப்பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. வாழ்நாளில் வீடிழந்த அயலாருக்கு அம்மொழியே நிலைத்த இல்லமாயிற்று.