மயிலாடி தந்த மாணிக்கம்

வைகாசித் தொடக்கத்தில் குற்றாலப் பேரருவியைக் கண்டவர்கள் அறிவர். அங்கே வெறும் பாறைதான் நிற்கும். இவ்வாண்டு சாரல் வருமா, வராதா என்று கடை வைத்திருப்போர் மேற்கு மலையையே பார்த்திருப்பர். மலைக்கு அப்பால், நம் கண்ணுக்கு எட்டாத கடல்மேல், மழைக்காற்று உருவாகிக்கொண்டிருப்பதை அந்தப் பாறை அறியாது.

எவ்வளவோ ஜெபித்தும் பயனில்லை, இனி ஆலயத்துக்கு வருவதாயில்லை என்று மனம் கசந்து பேசும் இளைஞர் சிலரை நம் ஆசிரிய வாழ்வில் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு அறிவுரை கூறுவதினும், நம்மில் ஒருவராய்ப் பிறந்து நெடுங்காலம் காத்திருந்த மயிலாடி வேதமாணிக்கம் அவர்களின் வரலாற்றைச் சொல்வதே நலம் என்று கருதுகிறோம்.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடி, அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. நமக்கு அடுத்துள்ள செங்கோட்டையும் அவ்வாறே இருந்து, 1956ஆம் ஆண்டில்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே இது எங்கோ நடந்த கதையன்று. நம் வேலிக்கு அடுத்த நிலத்துக் கதை.

சாம்பவர் குலத்தில் பிறந்த அவருக்கு இயற்பெயர் மகாராசன். பெயரில் அரசு இருந்ததேயன்றி வாழ்வில் இல்லை. அவர் குலத்தார் பலர் அந்நாட்டில் அடிமைகளாக வாங்கவும் விற்கவும் பட்டனர். கோயிலுக்குள் செல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. எனினும் மகாராசன் இறைப்பற்று மிக்கவர். 1799ஆம் ஆண்டில் உறவினர் ஒருவருடன் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். அத்தனை தொலைவு நடந்து சென்றும் அவர் தேடிய அமைதி கிட்டவில்லை. எச்சமயத்தையும் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று; அவர் உள்ளத்தின் தாகம் தீரவில்லை என்பதே செய்தி.

திரும்பும் வழியில் உறவினரைக் காணத் தஞ்சாவூர் சென்றார். சுவார்ச் ஐயர் மறைந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அவர்தம் மாணவரான கோலாப் ஐயரின் போதனையைக் கேட்ட மகாராசன், சிலகாலம் தங்கிப் பயின்று, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார். வேதநூல்களுடன் ஊர் திரும்பித் தம் குடும்பத்தாருக்கும் அயலாருக்கும் தாம் கற்றதைக் கற்பித்தார்.

ஜெபம் கேட்கப்பட்டது என்று நாம் இங்கே கதையை முடித்துவிடலாம். ஆனால் சோதனை அதன் பின்னரே தொடங்கிற்று. புதிய நெறியைத் தழுவியோரை ஊரார் துன்புறுத்தினர். வழிகாட்டப் போதகர் இல்லை. கூடித் தொழ ஆலயம் இல்லை. பிறந்த மண்ணையே விட்டுத் தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாம் என்றும் எண்ணினர். வேதமாணிக்கம் மீண்டும் வடக்கே நடந்தார். 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடி வந்து தமிழ் பயின்றுகொண்டிருந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே ஐயரைக் கண்டு, தங்கள் நாட்டுக்கு வருமாறு வேண்டினார். வருவதாக வாக்குப் பெற்றார். வாக்கு மட்டுமே கையில் இருந்தது. அதனுடன் ஊர் திரும்பிக் காத்திருந்தார்.

1806ஆம் ஆண்டு ஏப்ரலில் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடி வந்து சேர்ந்தார். அப்போதும் ஆலயம் எழவில்லை. அரசின் அனுமதி கிட்டவில்லை. ஐயர் பாளையங்கோட்டையில் தங்கிப் பணி செய்ய வேண்டியதாயிற்று. மேலும் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1809ஆம் ஆண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அவ்வாண்டு அங்கே பள்ளியும் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்தச் சிறு பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது.

ஊரைவிட்டுத் தப்பிச்செல்ல இடம் தேடினார் வேதமாணிக்கம். அவருக்கு அருளப்பட்டதோ, சொந்த ஊரிலேயே தலைநிமிர்ந்து நிற்க ஓர் ஆலயமும் ஒரு பள்ளியும். கேட்டது கிடைக்கவில்லை என்பதும், கேட்டதற்கு மேல் கிடைத்தது என்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

1816ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி நாட்டைவிட்டு அகன்றார். போகுமுன் சபையின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். 1818ஆம் ஆண்டில் மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும்வரை அவரே அந்தச் சபையைக் காத்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், மிஷனரி எவரும் இல்லாத அக்காலத்தில் சபைக்குத் தலைவராக விளங்கினார் என்பதை நம் பிள்ளைகள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1827ஆம் ஆண்டில் அவர் கண்மூடினார். அவருடைய வேண்டுதல்கள் யாவும் நிறைவேறிவிட்டனவா? இல்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855ஆம் ஆண்டில். ஆலயப் பிரவேச உரிமை கிடைத்தது 1936ஆம் ஆண்டில். அந்த விடியலை அவர் காணவில்லை.

நமக்கும் அத்தகைய காத்திருப்பு உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவத்தைத் தழுவிய ஆதிதிராவிடரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. அப்போதும் நம்மவர் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றதால் சாதிக்கொடுமை நீங்கிவிடவில்லை. சலுகை மட்டும் நீங்கியது. இதைக் கண்டு விசுவாசம் தளரும் இளைஞரை நாம் குறைகூற மாட்டோம். மனம் வலிப்பது பாவமன்று.

ஆனால் வேதமாணிக்கம் அவர்கள் எவ்வாறு காத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் கைகட்டிக் காத்திருக்கவில்லை. மயிலாடிக்கும் தஞ்சைக்கும் நடந்தார், கற்றார், கற்பித்தார், கேட்க வேண்டியவரிடம் சென்று கேட்டார், ஒப்படைத்ததைக் காத்தார். முழந்தாளில் நின்ற நேரமும் வழிநடந்த நேரமும் அவருக்கு ஒரே ஜெபமாயிருந்தன. அவர் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அதன் பலனைக் கண்டனர்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வருவதும் அத்தகைய காத்திருப்பே. இளைஞர்களே, விடை வரும்வரை புத்தகத்தை மூடிவிடாதீர்கள்; நியாயம் கேட்கும் குரலை அடக்கிவிடாதீர்கள்; ஜெபத்தையும் விட்டுவிடாதீர்கள். பாறை காய்ந்திருக்கும் நாளிலும் அருவிக்குப் போகும் பாதையைச் செப்பனிட்டு வைப்பதே நம் கடமை.