ஒற்றைக் கை விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர்



ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பச்சைப் பப்பாளிக்காயில் ஒரு துண்டை அரைத்துப் பிசறி வைக்கிறோம். கறி மெத்தென்று ஆகிவிடுகிறது, இல்லையா? அந்த வேலையைச் செய்வது பப்பாளிப் பாலில் உள்ள நொதி. என்சைம் என்றும் சொல்வார்கள். உயிருள்ளவற்றில் உண்டாகி, இரசாயன மாற்றங்களை வேகப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் நிற்பதே நொதி. நாம் சாப்பிடும் சோறு செரிப்பதும் நொதிகளால்தான்.

இந்த நொதி எதனால் ஆனது என்பது ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே விளங்கவில்லை. அதை விளங்க வைத்தவர் ஒற்றைக் கை மனிதர்!

ஜேம்ஸ் சம்னர் 1887-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேண்டன் என்ற ஊரில் பிறந்தார். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்தவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பட்டுவிட்டது. இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரோ இடது கைப் பழக்கமுள்ளவர்! எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகப் பழகினார். டென்னிஸ்கூட ஆடினார் என்றால் பாருங்களேன்!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1910-இல் பட்டம் பெற்றார். இரசாயனத்தில் மேலே படிக்க விரும்பியபோது, ஒற்றைக் கையால் அது முடியாது, சட்டம் படிக்கலாம் என்று பேராசிரியர் ஃபோலின் புத்தி சொன்னார். சம்னர் விடவில்லை. அந்தப் பேராசிரியரிடமே படித்து 1914-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பாடம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது; கருவிகளும் குறைவு. ஆனாலும் 1917-இல் வாளவரை விதையைக் கையில் எடுத்தார். அதில் யூரியேஸ் என்ற நொதி நிறைய உண்டு. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். தோட்டத்தில் யூரியா உரம் போட்ட ஈர மண்ணில் காரமான நெடி அடிக்கிறதே, அதற்கும் மண்ணிலுள்ள இந்த நொதிதான் காரணம். நொதி இல்லாமல் யூரியா தானாகப் பிரிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஒன்பது ஆண்டுகள் போராடினார். 1926-இல் விதை மாவை அசிட்டோன் கலந்த நீரில் கரைத்து, வடிகட்டி, ஓரிரவு குளிரில் வைத்தார். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னப் படிகங்கள்! அதுவே யூரியேஸ். அது புரதத்தால் ஆனது என்றும் காட்டினார்.

உலகம் உடனே நம்பியதா? இல்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற விஞ்ஞானி வில்ஸ்டேட்டரே மறுத்தார். 1930-இல் நார்த்ரப் என்பவர் இரைப்பையின் பெப்சின் நொதியையும் படிகமாக்கிய பிறகுதான் உண்மை நிலைபெறத் தொடங்கியது. 1946-இல் சம்னருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நார்த்ரப்பும் ஸ்டான்லியும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1955-இல் சம்னர் காலமானார்.

பெற்றோர்களே, பிள்ளையைப் பார்த்து உன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரும்போது, இந்த ஒற்றைக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களே, இன்று பரிசு வாங்காதவர்களும் மனம் தளர வேண்டாம். சம்னரின் பரிசு அவருடைய 59-ஆம் வயதில்தான் வந்தது!