தொரப்பள்ளி தந்த தலைவர்: இராஜாஜியும் தொடக்க கால மக்களாட்சியும்

கருநாடகத்தைக் கடந்து தமிழகத்தினுள் புகும் தென்பெண்ணையாற்றைத் தேக்கி நிற்பது கெலவரப்பள்ளி அணை. அதே ஆற்றையொட்டி ஓசூருக்கு அருகில் அமைந்த சிற்றூர் தொரப்பள்ளி. அங்கே 1878 டிசம்பர் 10ஆம் நாள், ஊர் முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. ஐரோப்பியக் கருத்துகளும் ஐரோப்பியப் போர்களும் நம் தொடக்க கால மக்களாட்சியை எவ்வாறு ஆக்கின, எவ்வாறு அலைக்கழித்தன என்பதை அவர்தம் வாழ்வின் வழியே காண முற்படுகிறோம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்ற அவர், 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கிரேக்கச் சிந்தனையாளர் சாக்ரடீசையும் உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசையும் தமிழர்க்கு நூல்வழி அறிமுகம் செய்தவர் அவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். அந்நகராட்சி முறையே, இங்கிலாந்தின் தாராளவாதக் கட்சியைச் சார்ந்த ரிப்பன் பிரபு 1882இல் கொணர்ந்த தல சுயாட்சித் தீர்மானத்தால் வலுப்பெற்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முதல் உலகப்போர் இந்தியாவிற்கு இருவேறு விளைவுகளைத் தந்தது. போரில் இந்தியர் செய்த உதவிக்கு ஈடாகவும், எழுந்துவந்த உரிமைக் குரலுக்கு விடையாகவும் 1919ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை ஆட்சி முறையை வழங்கியது. அதே ஆண்டில், போர்க்கால அடக்குமுறையை அமைதிக்காலத்திலும் நீட்டிக்கும் ரௌலட் சட்டமும் வந்தது. உதுமானியப் பேரரசின் வீழ்ச்சியோ இங்கே கிலாபத் இயக்கத்தை எழுப்பியது. இந்து முசுலிம் மக்கள் தோளோடு தோள் நின்ற அக்காலத்தில் இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைத் துறந்து வேலூர்ச் சிறை புகுந்தார்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் நடந்த தேர்தலில், சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளைப் பெற்றோர்க்கே வாக்குரிமை இருந்த காலம் அது. இராஜாஜி அந்நாளைய வழக்கப்படி பிரதமர் என்னும் பெயரோடு பொறுப்பேற்றார். கிலாபத் காலத்தில் சிறை சென்ற யாகூப் ஹசன் சேட் அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, உழவர் கடன் நிவாரணச் சட்டம், விற்பனை வரி ஆகியன அவ்வாட்சியின் செயல்கள்.

எனினும் ஒரு கசப்பான உண்மையை நாம் மறைத்தலாகாது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழகம் கொதித்தெழுந்தது. சட்டமறுப்பு இயக்கத்தை ஒடுக்க ஆங்கிலேயர் 1932இல் இயற்றிய குற்றவியல் திருத்தச் சட்டத்தையே அவரது அரசு போராடியோர்மீது ஏவியது. பெரியார் சிறையிடப்பட்டார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது நோயுற்று மாண்டனர். ஐரோப்பியர் தந்த சட்டமன்றத்தோடு அவர்தம் தடியும் சேர்ந்தே மக்கள் அரசின் கைக்கு வந்தது எனலாம்.

அவ்வாட்சியின் முடிவும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. 1939 செப்டம்பர் 3ஆம் நாள், மக்கள் பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவும் போரில் ஈடுபட்டுள்ளதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். அக்டோபர் இறுதியில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. பெரும்பான்மை வலிமையோடு ஆண்ட அரசு, தொலைதூரப் போரின் பொருட்டு இரண்டே ஆண்டுகளில் அகன்றது. ஆளுநர் ஆட்சி வந்தது. போர், அமைதி பற்றிய முடிவுகளில் மக்களுக்கு உரிமையில்லாத ஆட்சி அரைகுறை ஆட்சியே என்பதை நாடு அன்று கண்டது.

விடுதலைக்குப் பின் இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய அவர், 1952இல் மீண்டும் சென்னை மாகாண முதலமைச்சரானார். அப்போது அவர் தேர்தலில் நின்று வெல்லவில்லை. மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டே வந்தார். அது பெரும் விவாதத்தை எழுப்பியது. அவர் கொணர்ந்த கல்வித் திட்டமோ குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட, 1954இல் பதவி துறந்தார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, ஆளுங்கட்சிக்கு வலிய எதிர்க்கட்சி வேண்டுமென வாதிட்டார். ஒருகாலத்தில் இந்தியைப் புகுத்தியவர், பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967 தேர்தலில் பேரறிஞர் அண்ணாவோடும் காயிதே மில்லத்தோடும் ஓரணியில் நின்றார். 1972 டிசம்பர் 25இல் மறைந்தார்.

அதிகாரத்தில் இருந்தபோது எதிர்ப்பை அடக்கியவரே, அதிகாரத்திற்கு வெளியே நின்றபோது எதிர்ப்பின் தேவையை உணர்த்தினார். தேர்தலும் சட்டமன்றமும் மேலைநாட்டிலிருந்து வரலாம். மாற்றுக் கருத்தைப் பொறுக்கும் பண்பு நம்மிடமிருந்தே வரவேண்டும். மாணவச் செல்வங்கள் தொரப்பள்ளியில் நினைவில்லமாக நிற்கும் அவர்தம் வீட்டைக் காணச் செல்லும்போது, அவர் பெற்ற பதவிகளோடு இப்பாடத்தையும் எண்ணிப் பார்ப்பார்களாக.